ஜி. என். ராமச்சந்திரன்: நிழல்களிலிருந்து உருவம் கண்டவர்

சர் சி. வி. ராமனையும் சந்திரசேகரையும் அறிந்த தமிழ் வாசகர்களில் பலருக்கு ஜி. என். ராமச்சந்திரன் என்ற பெயர் அவ்வளவு பழக்கமில்லை. உயிர்வேதியியல் படித்தவர்கள் மட்டும் 'ராமச்சந்திரன் வரைபடம்' என்று சட்டென்று சொல்வார்கள். அமெரிக்காவிலோ ஜெர்மனியிலோ புரதங்களைப் பற்றிப் படிக்கும் எந்த மாணவனும் அந்தப் படத்தைத் தாண்டித்தான் போகவேண்டும்.

நான் உயிர்வேதியியல் படித்தவனல்ல. பொறியியலில் முதுகலை முடித்து மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். எனக்கு அவர் அறிமுகமானது வேறு வாசல் வழியாக. மேட்லாப் என்ற கணிப்பு மென்பொருளில், எக்ஸ்ரே நிழல்களிலிருந்து படத்தை மீட்டெடுக்க ஒரு கட்டளை உண்டு. எந்த வடிகட்டி வேண்டும் என்று நாம் சொல்லாவிட்டால் அதுவாகவே 'ராம்-லாக்' என்ற ஒன்றை எடுத்துக்கொள்ளும். அந்த ராம் என்பவர் ராமச்சந்திரன். லாக் என்பவர் லட்சுமிநாராயணன். உலகெங்கும் மாணவர்கள் தினமும் தட்டச்சு செய்யும் அந்த அரைகுறைப் பெயருக்குப் பின்னால் இருந்த மனிதரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கோபாலசமுத்திரம் நாராயண ஐயர் ராமச்சந்திரன் 1922ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் தேதி எர்ணாகுளத்தில் பிறந்தார். பெயரின் முதலில் நிற்கும் கோபாலசமுத்திரம் திருநெல்வேலிப் பக்கத்து ஊர். தந்தை நாராயண ஐயர் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். பிறகு அங்கேயே முதல்வர். தாயார் லட்சுமி அம்மாள். கணக்கு வீட்டிலேயே புழங்கியது. இண்டர்மீடியட்டை எர்ணாகுளத்தில் முடித்துவிட்டு, திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் படித்து 1942இல் தேறினார்.

அதே ஆண்டு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். சேர்ந்தது இயற்பியலில் அல்ல, மின் பொறியியலில். அப்போது அங்கே இயற்பியல் துறையில் இருந்தவர் ராமன். பையனின் கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்துவிட்டு, இவன் இருக்கவேண்டிய இடம் என் துறைதான் என்று ராமன் அவரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார் என்பது அந்தக் கழகத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை. மின் பொறியியலுக்கு ஓர் ஆள் குறைந்தது. ஆனால் முப்பது வருடம் கழித்து அந்த ஆள் மின் பொறியாளர்களுக்கு ஒரு கடனைத் திருப்பித் தந்தார். அதைப் பிறகு சொல்கிறேன்.

ராமனிடம் வைரங்களைப் பற்றியும் படிகங்களில் எக்ஸ்ரே சிதறுவதைப் பற்றியும் ஆராய்ந்து, 1947இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். உடனே கேம்பிரிட்ஜ். புகழ்பெற்ற கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் வூஸ்டர் என்பவரிடம் இரண்டு வருடம் வேலை செய்து 1949இல் இன்னொரு முனைவர் பட்டம். அங்கேதான் லைனஸ் பாலிங்கின் சொற்பொழிவுகளைக் கேட்டார். புரதம் என்ற பெரிய மூலக்கூறின் வடிவத்தை மனித மூளை கண்டுபிடித்துவிட முடியும் என்ற நம்பிக்கை அவருக்கு அந்த நாட்களில்தான் வந்திருக்க வேண்டும்.

பெங்களூர் திரும்பி மூன்று வருடம் ஆனபோது சென்னையிலிருந்து அழைப்பு வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் கிண்டி வளாகத்தில் இயற்பியல் துறை ஒன்றை நிறுவ விரும்பினார். முதலில் ராமனைத்தான் கேட்டார். ராமன் தன் மாணவரைக் கைகாட்டினார். 1952இல் துறைத் தலைவராகப் பொறுப்பேற்றபோது ராமச்சந்திரனுக்கு முப்பது வயது நிரம்பியிருந்தால் அதிகம்.

புதிய துறை, புதிய எக்ஸ்ரே கருவி. என்ன செய்வது? அந்தச் சமயத்தில் சென்னைக்கு வந்த ஆங்கிலேய விஞ்ஞானி ஜே. டி. பெர்னால், கொலாஜன் என்ற புரதத்தின் வடிவம் இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டுப் போனார். கொலாஜன் என்பது நம் தோலிலும் எலும்பிலும் தசைநாணிலும் இரத்தக்குழாய்ச் சுவரிலும் இருப்பது. உடம்பைக் கட்டிவைத்திருக்கும் கயிறு என்று சொல்லலாம். பக்கத்திலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம். தோல் என்றால் கொலாஜன்தான். கங்காருவின் வாலிலிருந்து எடுத்த தசைநாணை வைத்து எடுத்த எக்ஸ்ரே படங்கள் தெளிவாக வந்தன.

கோபிநாத் கர்த்தா என்ற இளம் ஆய்வாளரோடு உட்கார்ந்து யோசித்தார். கொலாஜனில் உள்ள அமினோ அமிலங்களில் மூன்றில் ஒன்று கிளைசின். இருப்பதிலேயே மிகச் சிறியது அது. மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கு வெறும் தற்செயலாக இருக்க முடியாது. மூன்று சங்கிலிகள் ஒன்றை ஒன்று தழுவிப் பின்னியிருந்தால், நடுவில் உள்ள நெருக்கடியான இடத்தில் அந்தச் சிறிய கிளைசின் மட்டுமே உட்கார முடியும். பெண்கள் தலைமுடியை மூன்று கால் எடுத்துப் பின்னுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ராமச்சந்திரனும் கர்த்தாவும் சேர்ந்து எழுதிய சிறு கட்டுரை 1954 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் வந்தது. அடுத்த வருடமே அதைத் திருத்தி, மூன்று சங்கிலிகளும் தனித்தனியே முறுக்கேறியதோடு, மூன்றும் சேர்ந்து இன்னொரு முறுக்கும் ஏறியிருப்பதாகக் காட்டினார். பூமியைச் சுற்றிவரும் நிலா எப்போதும் ஒரே முகத்தை நமக்குக் காட்டுவதை யோசித்தபோதுதான் இந்த இரட்டைச் சுழற்சி அவருக்குப் பிடிபட்டதாம்.

ஆனால் கதை அங்கே சுபமாக முடியவில்லை. டி.என்.ஏ.வின் வடிவத்தைக் கண்ட பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் சென்னை மாதிரியைக் குறை சொன்னார்கள். சில அணுக்கள் ஒன்றுக்கொன்று தாங்க முடியாத அளவுக்கு நெருங்கி நிற்கின்றன, ஹைட்ரஜன் பிணைப்புகளின் எண்ணிக்கையும் சரியில்லை என்றார்கள். மூன்று சங்கிலிகளின் பின்னல் என்ற அடிப்படை நிலைத்தது. பிணைப்புகளின் விவரத்தில், மூன்று அமினோ அமிலங்களுக்கு ஒன்றுதான் என்ற அவர்கள் கட்சியே பின்னாளில் வென்றது. இதையும் சேர்த்துச் சொல்வதுதான் ராமச்சந்திரனுக்குச் செய்யும் மரியாதை.

ஏனென்றால், இதற்குப் பிறகு அவர் செய்ததுதான் அவருடைய உயரத்தைக் காட்டுகிறது. அணுக்கள் அதிகம் நெருங்கிவிட்டன என்கிறீர்களே, எவ்வளவு நெருங்கினால் அதிகம்? அதுவரை யாரும் அதை ஒழுங்காக அளந்து வைக்கவில்லை. அன்றுவரை வெளிவந்திருந்த படிக ஆய்வுகளை எல்லாம் தேடி எடுத்து, எந்த அணுவும் எந்த அணுவும் எவ்வளவு கிட்டத்தில் நிற்க முடியும் என்று பட்டியல் போட்டார். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் திரும்பக்கூடிய அச்சுகள் இரண்டு. அந்த இரண்டு கோணங்களையும் படிப்படியாக மாற்றி, எந்தெந்த ஜோடி சாத்தியம், எவையெவை அணுக்கள் மோதிக்கொள்வதால் அசாத்தியம் என்று சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து கணக்கிட்டார். மேசைக் கணக்கு யந்திரங்களை வைத்துச் செய்த வேலை. 1963இல் வெளிவந்த அந்தப் படம்தான் ராமச்சந்திரன் வரைபடம். அதன் பெரும்பகுதி தடை செய்யப்பட்ட பிரதேசம். சில தீவுகளில் மட்டுமே புரதம் வாழ முடியும். இன்றுவரை யார் ஒரு புதிய புரதத்தின் வடிவத்தைக் கண்டாலும், அது சரியா என்று பார்க்க இந்தப் படத்தில் வைத்துத்தான் சோதிக்கிறார்கள். தன் மாதிரியைக் குறை சொன்னவர்களுக்குப் பதிலாக, எல்லோருடைய மாதிரியையும் சோதிக்கும் ஓர் அளவுகோலைச் செய்து கொடுத்துவிட்டார்.

1970இல் சென்னையை விட்டுக் கிளம்பினார். பெங்களூரில் மூலக்கூறு உயிர் இயற்பியல் துறையை உருவாக்கும் வேலை ஒரு பக்கம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் பகுதிநேரப் பேராசிரியர் வேலை இன்னொரு பக்கம். அந்தக் காலகட்டத்தில் எழுதியதுதான் முன்பு சொன்ன கடனைத் தீர்த்த கட்டுரை.

ஒரு சின்னக் கணக்கிலிருந்து தொடங்குவோம். நான்கு கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஓர் எண் ஒளிந்திருக்கிறது. மேல் வரிசையின் கூட்டல் 3, கீழ் வரிசை 7. இடப் பத்தி 4, வலப் பத்தி 6. எண்கள் என்ன? மேலே 1, 2 கீழே 3, 4 என்று சொல்லலாம். மேலே 2, 1 கீழே 2, 5 என்றாலும் சரியாக வருகிறது. குறுக்காகவும் கூட்டிச் சொன்னால்தான் குழப்பம் தீரும்: குறுக்குக் கூட்டல்கள் இரண்டும் 5 என்றால் முதல் விடை, 7ம் 3ம் என்றால் இரண்டாவது. எக்ஸ்ரே படம் என்பது இப்படி ஒரு கூட்டல்தான். கதிர் போகும் வழியில் உள்ள எல்லாவற்றையும் கூட்டி ஒரே நிழலாகத் தருகிறது. பல திசைகளிலிருந்து நிழல்கள் கிடைத்தால் உள்ளே இருப்பதை மீட்கலாம் என்று 1917லேயே ஜொஹான் ராடோன் என்ற ஆஸ்திரியக் கணித மேதை நிரூபித்திருந்தார். நடைமுறையில் எப்படி விரைவாகச் செய்வது என்பதுதான் கேள்வி.

அப்போது தெரிந்த வழி ஃபூரியே உருமாற்றம். ஒவ்வொரு நிழலையும் உருமாற்றி, வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் போல அடுக்கி, ஆரக்கால்களுக்கு இடையே உள்ள புள்ளிகளை ஊகித்து நிரப்பி, சதுரக் கட்டத்துக்குக் கொண்டுவந்து, பிறகு எல்லாவற்றையும் திரும்ப உருமாற்ற வேண்டும். அன்றைய கணினிகளுக்கு இது பெரிய சுமை. ஊகித்து நிரப்பும் இடத்தில் பிழையும் புகும். ராமச்சந்திரன் படிகவியலில் ஃபூரியே முறைகளைப் பற்றி ஸ்ரீனிவாசனோடு சேர்ந்து 1970இல் ஒரு புத்தகமே எழுதியவர். அவரே மறு வருடம், ஃபூரியே வேண்டாம், நேராகவே செய்யலாம் என்று எழுதினார்.

நேர்வழி என்ன? ஒவ்வொரு நிழலையும் அது வந்த திசையிலேயே திரும்பப் பூசிக்கொண்டே போனால் படம் வரும்; ஆனால் ஈரத்தில் பரவிய மை போலக் கலங்கி வரும். பூசுவதற்கு முன்பே நிழலைக் கொஞ்சம் திருத்திவிட்டால் கலங்கல் தீர்ந்துவிடும். நிழலின் ஒவ்வொரு புள்ளியிலும் அதன் மதிப்பில் கால் பங்கை எடுத்துக்கொள். ஒற்றைப்படைத் தூரத்தில் உள்ள அண்டைப் புள்ளிகளிலிருந்து, தூரத்தின் வர்க்கத்தையும் பையின் வர்க்கத்தையும் பெருக்கி வகுத்து வரும் பங்கைக் கழி. இரட்டைப்படைத் தூரத்தில் உள்ளவற்றை விட்டுவிடு. அவ்வளவுதான் ராம்-லாக் வடிகட்டி. கழிக்கும் பங்குகளை இரண்டு பக்கமும் முடிவில்லாமல் கூட்டிப் பார்த்தால் அதுவும் சரியாகக் கால். வரவும் செலவும் நேர். முதன்முதலில் இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இன்னும் மறக்கவில்லை. பெருக்கலும் கூட்டலும் தவிர வேறு எதுவும் வேண்டாம். ஒரு நிழல் வந்தவுடன் அடுத்ததற்குக் காத்திராமல் வேலையை ஆரம்பிக்கலாம்.

ஏ. வி. லட்சுமிநாராயணனோடு சேர்ந்து எழுதிய இந்தக் கட்டுரை 1971 செப்டம்பரில் அமெரிக்கத் தேசிய அறிவியல் அகாதமியின் இதழில் ஐந்தே பக்கத்தில் வந்தது. அதற்கு அடுத்த மாதம், அக்டோபர் 1ஆம் தேதி, லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. கருவி முதல் நோயாளியின் தலையைப் படம் பிடித்தது. ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லை. ஹவுன்ஸ்ஃபீல்ட் தொடக்கத்தில் பயன்படுத்தியது திரும்பத் திரும்ப ஊகித்துத் திருத்தும் வேறொரு கணக்கு முறை. பிறகு வந்த கருவிகள் ராமச்சந்திரன் சொன்ன வகையான முறைக்கு மாறின; பல ஆண்டுகள் அதுதான் உலகத்துக்கே பொது வழக்கு.

இங்கே வளைகுடாவில் இந்த விஷயம் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. நான் இருக்கும் சோஹாரில், நாற்பதைத் தாண்டிய நம்மூர்க்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு ஆஞ்சியோவில் வந்து நிற்கும். யாருக்கு எத்தனை அடைப்பு, யாருக்கு ஸ்டென்ட், யார் ஊருக்குப் போய்ச் செய்துகொண்டார் என்று. அப்படி ஒருமுறை, ஆஞ்சியோ செய்துகொண்டு வந்த நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்: டாக்டர் அத்தனை கனமான ஈயச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறாரே, என் மேல் ஒன்றும் போடவில்லையே? நியாயமான கேள்வி. கதீட்டர் என்ற மெல்லிய குழாயை மணிக்கட்டிலோ தொடையிலோ நுழைத்து இதயம் வரை கொண்டுபோகும்போது, அது எங்கே இருக்கிறது என்று பார்க்க எக்ஸ்ரே ஓடிக்கொண்டே இருக்கும். நோயாளிக்குச் சில தடவை, மருத்துவருக்குத் தினமும். அதிலும் குழாய் தெரியுமே தவிர, சாயம் பாய்ச்சாமல் இரத்தக்குழாய் தெரியாது. பிறவி இதயக் கோளாறோடு பிறந்த குழந்தைக்கு இதைப் பல முறை செய்ய நேர்ந்தால், சேரும் கதிர்வீச்சு கவலை தரும்.

எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே இல்லை. சதை, இரத்தம், குழாயின் சுவர் எல்லாமே தெரியும். அப்படியானால் கதீட்டரை அதிலேயே பார்த்து நடத்தக் கூடாதா? அங்கே எதிர்ப்பிரச்சினை: எல்லாம் தெரியும், கதீட்டர் தெரியாது. பிளாஸ்டிக் குழாய் அந்தப் படத்தில் வெறும் இருட்டு. உலோகக் கம்பி உள்ளே இருந்தால் அது ஆண்டெனா போல ரேடியோ அலையை வாங்கிச் சூடாகிவிடும். குழாயின் முனையில் காந்தத்தைச் சற்றே கலைக்கும் சிறு வளையங்களைப் பதிப்பது, நுனிப் பலூனில் கரியமில வாயுவை நிரப்பிக் கரும்புள்ளியாகப் பார்ப்பது என்று சில வழிகள் உண்டு. 1993இல் சார்ல்ஸ் டுமூலின் குழுவினர் காட்டிய வழி எனக்குப் பிடித்தது. கதீட்டரின் நுனியில் சில சுற்றுகள் கொண்ட ஒரு சின்னக் கம்பிச் சுருள். தன்னை ஒட்டியிருக்கும் இரத்தத்தின் சமிக்ஞை மட்டும்தான் அதற்குக் கேட்கும். காந்தப்புலத்தை ஒரு திசையில் சாய்வாக ஏற்றினால், கேட்கும் அதிர்வெண்ணே இடத்தைச் சொல்லிவிடும். முழுப் படம் வேண்டாம். மூன்று திசைகளில் மூன்று நிழல் போதும். நுனி இருக்கும் புள்ளி கிடைத்துவிடுகிறது, ஒரு நொடியில் பல தடவை.

மறுபடியும் நிழல்கள்! எம்.ஆர்.ஐ. பிறந்ததே அப்படித்தான். 1973இல் பால் லாட்டர்பர் வெளியிட்ட முதல் படம், தண்ணீர் நிரப்பிய இரண்டு நுண்குழாய்களின் நிழல்களைப் பல திசைகளில் எடுத்துச் சேர்த்த படம். 1975இல் அனில் குமார், வெல்ட்டி, எர்ன்ஸ்ட் மூவரும் ஃபூரியே முறையைக் கொண்டுவந்தார்கள், எம்.ஆர்.ஐ. அந்தப் பக்கம் போய்விட்டது. அந்த அனில் குமார் பின்னாளில் பேராசிரியராக இருந்ததும் அதே பெங்களூர் கழகத்தில்தான். ஆனால் துடிக்கும் இதயத்துக்குள் நகரும் குழாயைப் பார்க்க வேண்டும் என்று வந்தபோது, ஆரக்கால் முறையைப் பலர் மீண்டும் தேடி எடுத்தார்கள். ஒவ்வொரு ஆரக்காலும் மையத்தைத் தொட்டுப் போவதால், சில விட்டுப்போனாலும் படம் அடியோடு கெடுவதில்லை. 2003இல் லண்டனில் பிறவி இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு எக்ஸ்ரேயின் துணையோடு எம்.ஆர்.ஐ. வழிகாட்டலில் கதீட்டர் செலுத்திக் காட்டினார்கள். பாதுகாப்பான கம்பிகளும் கருவிகளும் போதுமான அளவு இல்லாததால் இந்த முறை இன்றும் சில மையங்களைத் தாண்டவில்லை. நண்பரின் டாக்டர் ஈயச் சட்டையைக் கழற்றிவைக்க இன்னும் காலம் ஆகும்.

இதில் எனக்கு வியப்பூட்டுவது ஒன்றுண்டு. அந்தக் கதீட்டர் உரசிச் செல்லும் இரத்தக்குழாய்ச் சுவர் வெடிக்காமல் தாங்குவது கொலாஜனால். அந்தக் கயிற்றின் பின்னலைக் கண்டவர் ராமச்சந்திரன். உள்ளே இருப்பதை வெளியிலிருந்து பார்க்க நிழல்களைக் கோர்க்கும் கணக்கைத் தந்தவரும் அவரே. சுவரும் அவருடையது, ஜன்னலும் அவருடையது.

1979இல் சி.டி.க்காக நோபல் பரிசு ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கோர்மாக்குக்கும் போயிற்று. நம்மவரை ஏமாற்றிவிட்டார்கள் என்று பொருமுகிறவர்களைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் சம்மதமில்லை. கோர்மாக் 1963லேயே எழுதத் தொடங்கியவர். ஹவுன்ஸ்ஃபீல்ட் கருவியையே கட்டியவர். ராமச்சந்திரனின் சுருக்குவழியைக்கூட, வானொலி அலைகளால் வானத்தைப் பார்த்த பிரேஸ்வெல்லும் ரிடிலும் 1967இல் தங்கள் துறையில் கண்டிருந்தார்கள். அறிவியலில் ஒரே கதவை இரண்டு மூன்று பேர் தனித்தனியே திறப்பது சகஜம். எல்லாம் நாமே முதலில் கண்டோம் என்று மார்தட்டுவது, கிரிக்கின் விமர்சனத்துக்குப் பட்டியல் போட்டுப் பதில் சொன்ன ஒரு மனிதரை நினைவுகூரும் முறையல்ல. செய்ததைச் செய்த அளவில் சொன்னாலே அவர் போதிய உயரமாக நிற்கிறார்.

1977இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. பிற்காலத்தில் அவர் மனம் தர்க்கத்தின் பக்கம் திரும்பியது. சமணர்களின் சியாத்வாதத்திலிருந்து பெயரெடுத்து, உண்மை, பொய், நிச்சயமின்மை எல்லாவற்றையும் அணிகளால் எழுதும் ஒரு கணித முறையை வகுக்க முயன்றார். அது அவருடைய மற்ற வேலைகளைப் போலப் பரவவில்லை. பார்க்கின்சன் நோய் கடைசிக் காலத்தில் அவரை முடக்கியது. 1945இல் மணந்துகொண்ட மனைவி ராஜலட்சுமி 1998இல் காலமானார். படிகவியலாளர்களின் உலக அமைப்பு 1999இல் எவால்ட் பரிசை அவருக்கு அளித்தது. 2001 ஏப்ரல் 7ஆம் தேதி சென்னையில் மறைந்தார்; வயது 78.

சென்னையில் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அரங்கத்துக்கு 'டிரிப்பிள் ஹீலிக்ஸ்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். விடுமுறையில் ஊருக்குப் போகும்போது அந்த வழியாகப் போனால், கூட வரும் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரின் அர்த்தத்தைச் சொல்லுங்கள். மூன்று கால் பின்னலைக் காட்டிச் சொன்னால் ஐந்து வயதுக் குழந்தைக்குக்கூடப் புரியும்.